மாலை கழற்றிய பிறகு

என் செல்லப் பாண்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஃபோனில் திட்டியதோடு சரி. இப்போது நல்ல சேதி ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் கூட்டாளி கார்த்தி மாத்திரையை விட்டு நாலு மாதம் ஆகிறது.

ஆமாம், அதே கார்த்திதான். உனக்கு அந்த வலி மாத்திரையைப் பழக்கிவிட்டவன் என்று இரண்டு வருடமாக நான் முகம் பார்க்காதவன். மானகிரிக் கடைவீதியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உங்களில் யார் யாரைப் பழக்கியது என்பது உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

நாங்கள் செய்த தப்பு இப்போதுதான் புரிகிறது. குன்றக்குடி முருகனுக்கு மாலை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். நீயும் ஒரு மண்டலம் மாத்திரையைத் தொடவில்லை. உடம்பு நடுங்கியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். மலையேறி இறங்கி வந்து மாலையைக் கழற்றினாய். அன்று கறிக்குழம்பு வைத்தோம். பிள்ளை திருந்திவிட்டான் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நான் நிம்மதியாக, அப்போது குடியிருந்த சிவகங்கைக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் நீ பழைய அளவையே எடுத்தாய். அத்தனை நாள் விட்டிருந்த உடம்பு அதைத் தாங்காது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாதே, பாண்டி. உனக்காவது தெரிந்திருந்ததா?

அதைச் சொன்னவர், மாத்திரைப் பழக்கம் உள்ளவர்களைப் பார்க்க இப்போது வியாழன்தோறும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரும் நர்ஸம்மா. "மாலை போடுறது நல்லதுதான். மருந்தும் சேத்துச் சாப்பிடட்டும். ஆனா கழட்டுன அன்னைக்குத்தான எல்லாரும் கைய விட்டுடுறீக?" என்றார். உன்னைப் பறிகொடுத்த பிறகு வருகிறார்களே என்று சண்டை போடப் போனவள் நான். அங்கேயே உட்கார்ந்து முழுதும் கேட்டேன்.

மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். மற்றதை ஊர் பார்த்துக்கொள்கிறது. மாலை கழற்றியவனை ஒரு மாதம் தனியாக விடுவதில்லை. நாளுக்கொரு வீட்டில் சாப்பாடு, யாருடைய வயலிலாவது வேலை. முதலில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது, "எங்க வீட்டு முறை என்னைக்கு?" என்று கேட்கிறார்கள்.

கார்த்தியும் இந்த முறை மாலை போட்டான். கழற்றுவதற்கு முந்தின நாள் நம் வாசலில் வந்து நின்றான். உனக்குப் பிறகு நான் அம்மாவோடுதான் இருக்கிறேன்.

"அக்கா, நாளைக்குக் கழட்டுறேன். பயமா இருக்கு. மொத நாள் சாப்பாட்டுக்கு இங்க வரவா? வேணாம்னு சொன்னீகன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து அம்மாதான் குரல் கொடுத்தாள்: "என்னடி யோசன? வரச் சொல்லு. வகுறு நெறையாமப் பிள்ள எப்புடித் தாக்குப்பிடிப்பான்?"

மறுநாள் கதவோரமாக உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்று தரம் ரசம் கேட்டான். ஊற்றிவிட்டு அம்மா அடுப்படியில் போய் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, கூடவே பொறாமையும். அவனுக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

நாளைக்கே அவன் மறுபடி விழலாம். விழுந்தால் திட்டுவேன், என் வாய் உனக்குத் தெரியாததா? திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். திரும்பி வந்தால் சோறு போடுவேன். கதவை மட்டும் சாத்த மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கோபக்கார அக்கா,
இப்போது கார்த்திக்கும் அக்கா,
செல்வி