நான்காம் குளத்துச் சிவப்புப் புழுக்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலை முழுதும் மழை. பூட்ஸுக்குள் தண்ணீர். செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளங்கள் நான்கிலும் மாதிரி எடுத்தாயிற்று. முதல் குளம் கறுப்பு, சூடு, நாற்றம். நான்காவதில் நாற்றம் குறைவு. அங்கே அள்ளிய சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள், கை நிறைய. லாக் புக்கில் "கொசுப்புழு, நிறைய" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொழிலாளர் லைன் வீடுகளில் போன மாதம்தான் டெங்கி. வேறு என்ன தோன்றும்?

வாங்க: தேங்காய், பேட்டரி. அம்மாவுக்கு டாப்-அப்.

நவம்பர் 5, புதன்

வெயில். துணை மேனேஜர் ரவீந்திரன் சார் லாக் புக்கைப் பார்த்துவிட்டார். சனிக்கிழமை நான்காம் குளத்தில் பூச்சி மருந்து. மருந்து டிரம் ஸ்டோருக்கே வந்துவிட்டது. என் ஒரு வரிக்கு இத்தனை வேகம்.

மதியம் ஆலை லேபில் சும்மா ஒரு புழுவை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே ஏதோ துடிக்கிறது. கொசுப்புழுவுக்கு வால் பக்கம் மூச்சுக்குழாய் இருக்கும், மேலே வந்து மூச்சு விடும். இதற்குக் குழாயே இல்லை. சேற்றை விட்டு ஏறவும் இல்லை. தேடிப் படித்தேன். கடிக்காத ஒரு சின்னப் பூச்சியின் புழு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவுதான் இதன் சிவப்பும். காற்றில்லாத சேற்றில் கிடைக்கிற துளிக் காற்றைப் பிடித்துவைக்க. நாங்கள் துப்பிய அழுக்கைத் தின்று இப்படி ஒரு நிறம். கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. தப்பாக எழுதியிருக்கிறேன்.

மாலை குளத்துக்கு ஓடினேன். பம்ப் பார்க்கும் மாரி அண்ணன் கரையில். தண்ணீரில் முக்குளிப்பான் பறவை ஒன்று, அதன் முதுகில் இரண்டு குஞ்சுகள், கோடுபோட்ட தலை.

"இந்தச் சாக்கடைல மீனே கெடையாது. என்னாத்த திங்குதுன்னு நானும் பாக்கறேன் லா."

எனக்குத் தெரியும்: சனிக்கிழமை சாகப்போகும் அந்தச் சிவப்புப் புழுக்களை.

நவம்பர் 6, வியாழன்

ஊறுகாய் ஜாடியில் நான்காம் குளத்துச் சேறு, தண்ணீர், தலை பருத்த கூட்டுப்புழுக்கள் பத்துப் பன்னிரண்டு. என்ன பூச்சி வரும் என்று பார்க்க, ஜாடி வாயில் துணி கட்டி மேசையில் வைத்தேன்.

மாரி அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"பேசாம இரு தங்கச்சி. வேல நெரந்தரமாகுற கடிதம் இந்த மாசந்தான வரணும்? நீயே போய் தப்புன்னா குடுப்பாங்களா? பறவைக்கு றெக்க இருக்கு, பெடாஸ் ஊர் பக்கம் போயிரும்."

"குஞ்சுக்கு?"

சிகரெட்டைப் பற்றவைத்தார்.

இரவு ரசம் மட்டும்.

நவம்பர் 7, வெள்ளி

ஜாடிக்குள் பூச்சிகள்! தண்ணீர் மேல் உரித்துப்போட்ட சட்டைகள், கண்ணாடித் தூள் போல. ஆண் பூச்சிகளுக்குத் தலையில் இறகுக் கொண்டை. இந்த அழகு அந்தச் சேற்றிலிருந்தா?

ஜாடியும் லாக் புக்குமாக ரவீந்திரன் சார் அறை. பின்னாலேயே மாரி அண்ணன், கூப்பிடாமலே.

"கொசு மாதிரிதான இருக்கு?"

"மாதிரிதான் சார். கடிக்கிற ஊசி இல்ல."

மாரி அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டினார். "நான் கைய உள்ள விடறேன். கடிச்சா ரெண்டு நாள் எம்.சி. லீவு குடுத்துருங்க சார்."

பத்து நிமிடம். கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்னுமில்ல. எம்.சி. போச்சு லா."

சார் சிரிக்கவில்லை. "அப்ப நீ எழுதினது?"

"தப்பு சார். பாக்காம எழுதிட்டேன்."

"இது உன் ஃபைல்ல ஏறும். கடிதம் தள்ளிப்போகலாம்."

"சரி சார்."

சிவப்புப் பேனாவைத் தள்ளினார். என் பழைய வரி மேல் ஒரு கோடு, பக்கத்தில் என் கையெழுத்து. "டிரம் திரும்பிப் போகட்டும். வாராவாரம் நீதான் பாக்கணும். நெசமாவே கொசுப்புழு வந்துச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

நவம்பர் 8, சனி

பனி. நெடுங்கால் உள்ளான் பறவைகள் ஆறு, இளஞ்சிவப்புக் கால்கள், சேற்றைக் குத்திக் குத்தி. மருந்து ஊற்ற வேண்டிய நேரம் இது.

முக்குளிப்பான் மூழ்கியது. நானும் மூச்சைப் பிடித்து எண்ணினேன். பதினொன்றில் மேலே. அலகில் சிவப்பு நூல். குஞ்சு வாயைத் திறந்தது. நூல் உள்ளே போயிற்று.

லாக் புக்: நா. குளம். கொசுப்புழு இல்லை. மூன்று முறை அள்ளிப் பார்த்தேன்.

கடிதம் வரவில்லை. முக்குளிப்பான் மறுபடி மூழ்குகிறது. நானும் எண்ணுகிறேன்: பத்து, பதினொன்று, பன்னிரண்டு...