பயறு தின்னி

நவம்பர் 13, வியாழன்

நேற்று கட்டட மேலாளருக்கு எழுதியது சரியா? தெரியவில்லை. அனுப்பியாயிற்று.

ஈரப்பனி. பஸ் தாமதம். நூலகத்தில் அரை நாள் வேலை.

நடந்தது இது. சலவை அறையில் எதிர்வீட்டு ஐசத்தா. மாலி நாட்டுக்காரி. அவளுடைய அப்பா போன வாரம் ஊரில் காலமானார். அவளால் போக முடியவில்லை. நீல மேலங்கி போட்ட கிழவர் ஒருவர் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில்: "பயறு தின்னி! உன்ரை அப்பனும் பயறு தின்னி, என்ரை வீட்டு அடிமை. ஆரைக் கேட்டுச் செத்தவன்?"

ஐசத்தா படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது.

நான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டேன். மேலே வந்து மின்னஞ்சல் எழுதினேன். என் வழக்கம்.

நவம்பர் 14, வெள்ளி

மேலாளரின் பதில்: அந்த ஆள் இனி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். நிம்மதி.

வாங்க: பால், வெங்காயம், உறைந்த தேங்காய்ப்பூ.

நகரத்தின் மறுகோடி ரொக்ஸ்பரோவிலிருந்து மச்சான் போன். கணவரின் தம்பி. "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ மச்சாள்." "ஒண்டும் இல்லை." ஒரு நிமிடம்கூட இல்லை. இவர் இருந்த காலத்தில் என் சமையலைப் பழிக்காமல் மச்சான் கை கழுவியதில்லை. இவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம். ஒரு பகிடி, ஒரு கேலி இல்லை. மரியாதை மட்டும்.

மாலை ஐசத்தா கதவைத் தட்டினாள். "மதாம், ஜாராவை ஆரோ வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிரார்த்தனை. அவர் வராட்டி நான் என்ன செய்யிறது?"

"உன்னை ஏசின அந்த ஆளோ?"

"அவர் ஏசத்தானே வேணும்! அவர் ஜாரா, நாங்கள் திராவோரே."

மாலியில் குடும்பப் பெயர்களுக்கு இப்படி இணைகள் உண்டாம். ஜாராவும் திராவோரேயும் சந்தித்தால் ஒருவரையொருவர் 'பயறு தின்னி', 'அடிமை' என்று வைய வேண்டும், கோபிக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்களும், பஸ்ஸிலும் சந்தையிலும், பெயரைக் கேட்டதும் தொடங்கிவிடுவார்களாம். சாவு வீட்டில் கட்டாயம்.

"அப்பா செத்தாப் பிறகு அண்டைக்குத்தான் மதாம் முதல்முதல் சிரிச்சனான்."

எழுதியது நான் என்று சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

மாலி பற்றி இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன். இந்த வசைதான் அந்தச் சமூகத்தை ஒட்டவைக்கிறது என்கிறார்கள். சந்தேகம். வடக்கே சண்டை நிற்கவில்லையே. ஆனால் ஐசத்தா சிரித்தாள். அதுவும் உண்மை.

மேலாளருக்குத் திருத்தி எழுதினேன். வார இறுதி. பதில் இல்லை.

பின்னேரம் அவளிடம் போய்ச் சொன்னேன்.  மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எனக்காகவோ எழுதினனீங்கள்?"

"ஓம்."

"இந்தக் கட்டடத்திலை பதினொரு வருசம். எனக்காக ஒருத்தரும் ஒரு வரி எழுதினதில்லை." பிறகு, முகத்தில் சிரிப்பில்லாமல்: "நாளைக்கு ஜாராவுக்கு நீங்கள்தான் கீழே போய்க் கதவு திறக்கிறீங்கள்."

வெறுங்கையோடு போக முடியாது. கௌபிப் பயறு அவிக்கலாம். ஜாரா சொன்ன பயறும் அதுதான். இரவே ஊறப் போட வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். கடும் குளிர். ஊறப் போட மறந்தேன். இரண்டு மணி நேரம் அவித்தும் அரை வேக்காடு. தேங்காய்ப்பூவைத் தூவி மூடினேன்.

பதினொரு மணி. கீழே, சட்டியோடு நான். கண்ணாடிக்கு வெளியே ஜாரா. மணியை அழுத்தாமல், தொப்பியைக் கையில் பிடித்தபடி. அவருக்கும் பயம். கதவைத் திறந்தேன்.

"எழுதினது நான்தான். மன்னிக்க வேணும்."

என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். மூடியைத் தூக்கினார்.

"பயறு!" லிஃப்ட் வரை கேட்டது. "இவளும் திராவோரே!" ஒரு பிடி வாயில் போட்டு மென்றார். மெல்ல முடியவில்லை. "சமைக்கத் தெரியாத திராவோரே!"

மேலே அதையே பத்துத் தரம் சொன்னார். ஐசத்தா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். ஒருவரும் தடுக்கவில்லை.

நாலு மணிக்கு மச்சான் போன். "ஏதும் தேவையோ மச்சாள்?"

"ஓம். கௌபி மிச்சம் கிடக்கு. வந்து சாப்பிடுங்கோ."

 போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஊறப் போட்டனீங்களோ?"

"இல்லை."

"ஐயோ மச்சாள். பாவம் அண்ணை, பதினெட்டு வருசம் கல்லுக் கடிச்சவர்."

ஐந்தரைக்கு வந்தார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.