அது அம்மாவின் கை

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு, ஆஸ்டின் டவுனிலிருந்து அப்பா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் காகிதத்தில் எழுதிப் பக்கத்து வீட்டு வீணாவிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன்.

அம்மா பிளவுஸ் வெட்டக் கற்றுக்கொடுத்துப் போடுகிற வீடியோக்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்று மூன்று மாதம் ஆகிறது, உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற ஒரு இணையப் பக்கத்தை நடத்துகிறவர்கள் அவள் வீடியோக்களை எடுத்து, அவள் குரலை நீக்கி, வேறு ஒருத்தி குரலைச் சேர்த்துத் தங்களுடையதாகப் போட்டுவிட்டார்கள். முகம் காட்ட வெட்கப்பட்டு அம்மா கைகளை மட்டும்தானே காட்டுவாள், அது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. வீடியோக்களுக்குப் பணம் தருகிற கம்பெனி இப்போது அவர்களுக்குக் கொடுக்கிறது, அம்மாவுடையதைச் சொந்தப் படைப்பு இல்லை என்று தள்ளிவிட்டது. அம்மாவின் இடது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அவர்கள் போட்டதிலும் தெரிகிறதே என்று, வீணா உதவியோடு கையைப் படம் பிடித்து மூன்று முறை முறையிட்டோம். மூன்று முறையும் இரண்டே நிமிடத்தில் அதே பதில் வந்தது, பார்த்தது மனிதனா மெஷினா என்றுகூடத் தெரியவில்லை. ஹெப்பகோடியில் டியூட்டி முடிந்து அந்தக் கம்பெனி ஆபீசுக்கே போனேன். கேட்டில் என்னைப் போலவே செக்யூரிட்டி யூனிஃபார்ம் போட்ட ஒருவர், உள்ளே யாரையும் பார்க்க முடியாது, ஆன்லைனில் எழுதிப் போடுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவரைக் கோபித்து என்ன பயன்?

"என் கைய நானே திருடிட்டேன்னு சொல்றாங்க" என்றாள் அம்மா, நான் அப்படித் திரும்பி வந்த அன்று. அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை, எதிர் வீட்டு ஜூடித் மகள் கல்யாணத்துக்குத் தைக்க வாங்கிய துணிகளைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நேற்று வற்புறுத்தி லைனிங் துணி வாங்க சிவாஜிநகர் கூட்டிப்போனேன். கடையில் அவள் சாக்பீஸால் கோடு போட்டு அளவு காட்டியதைப் பார்த்த ஒரு பெண், அந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்லி, "அவங்க மாதிரியே போடறீங்க ஆன்ட்டி, அவங்க வீடியோ பாத்துக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆமாம்மா" என்றாள். துணிக்குப் பணம் கொடுத்து அவளை வெளியே கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லா வீடியோவையும் அழித்துக் கொடு என்று வீணாவிடம் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவள் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

மகளே, எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாஸ்வேர்டு உன்னிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்து. அழிந்துவிட்டால் அவள் குரலோடு இருப்பது ஒன்றுகூட மிஞ்சாது. அவளிடம் பேசும்போது பணத்தைப் பற்றிக் கேட்காதே, அனுப்புகிறேன் என்றும் சொல்லாதே. உனக்கு ஒரு பிளவுஸ் வேண்டும், உடம்பு இளைத்துவிட்டது, அளவு எப்படி எடுப்பது என்று கேள். பதில் சொல்கிறாளா என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

நோய்நொடி அண்டாமல், மனக்கவலை இல்லாமல் நீ இருக்க வேண்டும், என் ஆசி எந்நாளும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் என்பதை மறந்துவிடாதே மகளே.

உன் அப்பா,
அசோகன்