ஐம்பது கஜத்துக்கு ஒரு டெலஸ்கோப்

ஏப்ரல் 24, 1962. செவ்வாய்

காலை எட்டு மணிக்கே அனல். ஈஸ்டர் முடிந்து தபாலாபீசில் மூட்டை மூட்டையாகத் தபால். அதில் ஸ்டெல்லா பெயருக்கு ஒன்று, கோடைக்கானலிலிருந்து. மே 13 ஞாயிறு, வில் போட்டி. ஆறு வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். மடித்து மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் செருகினாள்.

"போக வேணாமா?"

"அம்பு எங்க விழுந்துச்சுன்னு யாரு சொல்றது? வேணாங்க."

புடலங்காய்க் கூட்டு. உப்புக் கம்மி.

கல்யாணமானதிலிருந்து அது என் வேலை. கோடைக்கானலில் அப்போது அவள் தையல் டீச்சர். ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் வில்லை அவளிடம் விட்டுப் போனாள். நான் இலக்குக்குப் பத்தடி தள்ளி நின்று, ஒவ்வொரு அம்புக்கும் கத்துவேன். நடுவில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, நீலம், கறுப்பு, ஓரத்தில் வெள்ளை. "சிவப்பு, இடது பக்கம்!" என்றால் அடுத்த அம்பை வலது பக்கம் நகர்த்துவாள். ஐம்பது கஜத்தில் அவள் கண்ணுக்கு அம்பு தெரியாது. திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்த பிறகும் ஞாயிறுதோறும் பழனி ரோட்டுத் தென்னந்தோப்பில் இதேதான். போன வருஷம் பஸ் படியில் வழுக்கி என் இடது கால் எலும்பு முறிந்தது. கோணலாகச் சேர்ந்துவிட்டது, வெகுநேரம் நிற்க முடியாது. அதோடு எல்லாம் நின்றது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்ல டெலஸ்கோப் ஒன்று கிடைத்தால்?

ஏப்ரல் 26. வியாழன்

ஆபீஸ் முடிந்து கடைவீதி. மூக்குக்கண்ணாடிக் கடையில் பெரிய டெலஸ்கோப் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் வாசலில் வைத்துக் காட்டினார். மலைக்கோட்டைச் சுவரில் நின்ற ஆள் சட்டைப் பொத்தான் போடுவது தெரிகிறது! அசந்துபோனேன்.

பிறகு எதிர்ச் சாரி ஜவுளிக்கடைப் பலகையைப் பார்த்தேன். ஐம்பது கஜம் இருக்கும். ஒரே கலங்கல். எவ்வளவு திருகினாலும் எழுத்து பிடிபடவில்லை.

"இது தூரத்துக்கு சார். கிட்டக்க இருக்கதுக்குத்தான் கண்ணு இருக்கே!"

நியாயம். திரும்பிவிட்டேன்.

கோடைக்கானலில் முதல் வருஷம். மூடுபனியில் நான் இங்கே, அவள் அங்கே. ஆள் தெரியாது. நாண் சத்தம் மட்டும். பிறகு வைக்கோலில் 'தப்' என்று. அந்தச் சத்தம் இப்போதும் காதில்.

ஏப்ரல் 28. சனி

அரை நாள் லீவு. பஸ்ஸில் ரெட்டியார்சத்திரம். பட்டாளத்தில் இருந்து வந்த மாயாண்டி என்பவரிடம் இரண்டு இருப்பதாகத் தபால்காரர் சொல்லியிருந்தார். தக்காளித் தோட்டத்துக்கு நடுவே வீடு.

"செத்த நேரம் உக்காருங்க, எடுத்துட்டு வாரேன்."

ஒன்று பைனாகுலர். கைக்கு அடக்கம், நல்ல வெளிச்சம். ஐம்பது கஜம் அளந்து, வேலியில் ஒரு துணியைக் கட்டி அதில் முள் குத்தச் சொன்னேன். துணி தெரிகிறது, முள் தெரியவில்லை.

இன்னொன்று இழுத்தால் நீளும் பித்தளைக் குழல். அதில் முள் தெரிகிறது. துணியின் நூல்கூடத் தெரிகிறது. ஆனால் கையில் பிடித்தால் நெஞ்சு துடிப்பதற்கெல்லாம் ஆடுகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால்தான் முழு வட்டமும் வருகிறது. மாயாண்டி தோளைக் கொடுத்தார். அதன் மேல் வைத்ததும் ஆட்டம் நின்றது.

"எதுக்கு சார் இது? பறவை பாக்கவா?"

"என் சம்சாரம் அம்பு விடுவா. அது எங்க குத்துதுன்னு பாக்க."

அவர் சிரிக்கவில்லை. "அம்புட்டுத் தூரம் விடுவாங்களா!" என்றார். உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து அதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பித்தளைதான். வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 30. திங்கள்

குழலை வைக்கத் தச்சரிடம் முக்காலி. சொன்னவை: நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம். மூன்று காலும் தனித்தனியாக ஏற்றி இறக்க. மேலே தோல் வார். பஸ்ஸில் போகிற மாதிரி மடங்க வேண்டும்.

ஸ்டெல்லா குழலைத் தொட்டுப் பார்த்தாள். "இம்புட்டுக் கனமா" என்றாள். சாயங்காலம் வில்லை உறையிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

மே 3. வியாழன்

விடிந்ததும் தோப்பு. எட்டு மணிக்கு மேல் கானல் எழும்பி இலக்கு தண்ணீரில் மிதப்பது போல் ஆடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

அவளுக்கு ஒரு கஜம் பின்னால் நாற்காலி. டெலஸ்கோப்பில் இலக்கு முழுசாக. இலக்கின் பக்கத்தில் நின்றபோதுகூட இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. "நீலம், கீழே" என்றேன், மெதுவாக. கத்த வேண்டியதில்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் நான் அவளுக்கு ஐம்பது கஜத்துக்கு அப்பால். இன்றைக்குத்தான் பக்கத்தில். ஒவ்வொரு அம்பையும் விடுவதற்கு முன்னால் உதடு அசைகிறது. ஜெபம் என்று நினைத்தேன். மூன்றாவது அம்புக்குக் காது கொடுத்துக் கேட்டேன்.

"ஒதுங்கி நில்லுங்க."

"யாரைச் சொல்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளுக்கே தெரியாமல் வந்திருக்கிறது. "உங்களைத்தான். அதைச் சொல்லாம விரல் விடாதுங்க."

"எப்பருந்து?"

"கோடையில, முத வருஷம். ஒண்ணு உங்க தோளை ஒட்டிப் போச்சு. பனியில நீங்க பாக்கல. எடுக்கப் போனப்பதான் எனக்கே தெரிஞ்சுது. மரத்துல குத்தி நின்னுச்சு."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வந்து நிக்க மாட்டீங்களே."

பதினாலு வருஷம். அத்தனை அம்பும் இந்தப் பயத்தோடு. நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறேன். கண் கலங்கினால் டெலஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது.

கடைசி ஆறு அம்பு: மஞ்சள் 3, சிவப்பு 3. இப்படி அவள் அடித்ததே இல்லை.

மே 6. ஞாயிறு

பூசை முடிந்து தோப்பு. லேசாக மேகம். எனக்கு மனசு சரியில்லை. "இனி நீயே பாத்துக்கலாம், நான் எதுக்கு?" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கோபம் போல்தான் வந்தது.

வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அடி ஆத்தி!" என்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "எனக்கு இது வேணாம். நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்க குரல் கேட்டாத்தான் அடுத்த அம்பை எடுப்பேன்" என்றாள்.

இட்லி, வெங்காயச் சட்னி. நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 13. ஞாயிறு. கோடைக்கானல்

மூன்றாம் இடம். பதினோரு பேரில்.

பழைய புல்வெளிதான். மரங்கள் உயர்ந்துவிட்டன. முன்பு நான் நின்ற இடத்தில் இப்போது யாரையும் நிற்க விடுவதில்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். என் முக்காலியைச் சுற்றிக் கூட்டம். ஒரு கல்லூரிப் பெண் கேட்டுப் பார்த்தாள். கொடுத்தேன்.

கடைசி மூன்று அம்புக்கு முன் மூடுபனி இறங்கியது. டெலஸ்கோப்பில் வெறும் வெள்ளை. போட்டியை நிறுத்திக் காத்திருந்தோம். போர்வையைப் பாதி என் முழங்கால் மேல் போட்டாள்.

"தோள் வலி தாங்கலைங்க. நாலு மாசமா. டாக்டரும் வேணாம்னுட்டார். இதான் கடைசி. அதான் வந்தேன்."

நாலு மாதம். ஒரே வீட்டில். நான் என் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அரை மணியில் பனி விலகியது. எழுந்தாள். முதல் அம்பு, சிவப்பு. சொன்னேன். இரண்டாவது, சிவப்பு, மஞ்சளை ஒட்டி. சொன்னேன்.

மூன்றாவது நட்ட நடுவில். வால் இறகு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க? எங்க?"

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சொன்னேன்.