சுவருக்குள் முப்பத்தைந்து வோல்ட்

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
31.12.2025

ஓவியாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையாகிறது, இனி எல்லாம் மெயிலில்தான் என்று எட்டு மாதத்துக்கு முன் ஓசூருக்குக் கிளம்பும்போது சொன்னாய். அதனால் ஒரு கீசருக்காக ஒரு கடிதம்.

நம் விடுதியில் இரண்டாம் நம்பர் ரூமில் தண்ணீர் சரியாகக் காய்வதில்லை. இருபது நிமிடம் ஓடவிட்டும் வெதுவெதுப்புதான். அடுத்தடுத்து மூன்று பேர் குளிப்பதால் காலை முழுக்கக் கீசர் ஓடுகிறது. தங்கியிருக்கும் பெல்ஜியம் அம்மா பக்கெட்டோடு வந்து என் முன்னால் நிற்கிறார். திட்டினாலும் பரவாயில்லை, சிரிக்கிறார்.

நீ விட்டுப்போன மீட்டரை வைத்து, கீசர் ஓடும்போதே அளந்தேன். முறைக்காதே, செருப்புப் போட்டுக்கொண்டுதான். மீட்டர் பெட்டியில் 230 வோல்ட். கீசரில் 195. கரண்ட் 7.5 ஆம்பியர். கணக்கு உனக்குத்தான் வரும். எலக்ட்ரீஷியன் ராஜா வந்து பார்க்காமலே, "காயில் போயிடுச்சுண்ணா, மூவாயிரம் வாட்ல பெருசா மாட்டிடலாம்" என்கிறான். பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன், வெள்ளிக்கிழமை காலை மாட்டுவதாக ஏற்பாடு.

குளிர் ஜாஸ்தி. முதுகு வலிக்காகக் கட்டிலை அந்த ரூமை ஒட்டிய சுவரோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். காலையில் அந்தச் சுவர் கதகதவென்று இதமாக இருக்கிறது. அங்கே தொங்கும் காலண்டர்தான் பழுப்பேறி மொறமொறவென்று ஆகிவிட்டது. நாலு வருஷப் பழசை ஏன் இன்னும் கழற்றவில்லை என்று கேட்காதே.

சாப்பிட்டாயா?

செழியன்

*

ஓசூர்
1.1.2026, மாலை 5.10

செழியன் அவர்களுக்கு,

சாப்பிட்டேன். வேலை முடிந்துதான் கடிதத்தைப் பார்த்தேன்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். 195-ஐ 7.5-ஆல் வகுக்க, 26 ஓம். இரண்டாயிரம் வாட் கீசருக்கு இருக்க வேண்டியதே அவ்வளவுதான். காயில் நன்றாக இருக்கிறது, ராஜாவின் காதைத் திருகுங்கள். இரண்டையும் பெருக்கினால் பவர். 195 பெருக்கல் 7.5, சுமார் 1460 வாட். அதனால்தான் தண்ணீர் காயவில்லை. பெட்டியில் கிளம்பும் 230-ல் முப்பத்தைந்து வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது.

இதுவரை எழுதிவிட்டு, அந்த முப்பத்தைந்தையும் 7.5-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 262 வாட், அத்தனையும் வழியில் சூடாகவே போகிறது. நல்ல கம்பியில் இரண்டு மூன்று வோல்ட் குறையலாம், முப்பத்தைந்து குறையாது.

என்னங்க, உங்கள் முதுகுக்கு இதமாக இருப்பது அதுதான். நாலு குண்டு பல்பை எரியவிட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசியது மாதிரி. காலண்டர் பழுப்பானது பழசாகி அல்ல. பிரேக்கர் தானாக விழும் என்று இருந்துவிடாதீர்கள். கரண்ட் அளவுக்கு மேல் போனால்தான் விழும், இங்கே போவது கம்மி. பெரிய கீசர் மாட்டினால் அந்த இடத்தில் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்.

மெயினை அணையுங்கள். கட்டிலை நகர்த்துங்கள். படித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

ஓவியா

*

ஓசூர் பஸ் நிலையம்
2.1.2026, காலை 6.20

என்னங்க,

ஒரு வரியும் வரவில்லை. போன் செய்ய மாட்டேன் என்ற நானே பதினோரு தடவை செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். கோபமா, இல்லை வேறு ஏதாவதா என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வயரிங் முழுக்க என் பெண்டாட்டி செய்தது என்று ஊரெல்லாம் பெருமை பேசினீர்கள். அந்தச் சுவரில் கம்பி ஒரு முழம் குறைந்தது. அன்று பௌர்ணமி, கூட்டத்தைத் தாண்டிக் கடைக்குப் போக முடியவில்லை. இரண்டு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, நானே மேலே சிமென்ட் பூசிவிட்டேன். சுவருக்குள் அப்படி ஜாயின்ட் வைக்கக் கூடாது என்று தெரிந்தே செய்தேன். அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஓசூர் வேலைக்கு எனக்கு வந்த ஆர்டரை என்னிடம் காட்டாமல் நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். அவர்கள் மறுபடி கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. மறைக்கிற மனுஷனோடு இருக்க முடியாது என்று கிளம்பி வந்தவள் நான். நான் மறைத்தது உங்கள் தலைமாட்டில் இருக்கிறது.

ராஜாவை மாட்டவிடாதீர்கள். திட்டியாவது ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ஓவியா

*

செங்கம் ரோடு
2.1.2026, காலை 9.45

அன்புள்ள ஓவியா,

நன்றாக இருக்கிறேன். முதலில் அதைப் படி.

இது பெல்ஜியம் அம்மாவின் லேப்டாப். நேற்று உன் கடிதத்தைப் படித்தபோது என் போனில் மூன்று சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. மெயினை அணை என்றாய், ஓடிப்போய் அணைத்தேன். சற்று நேரத்தில் போனும் அணைந்துவிட்டது. இருந்த உதறலில் டீக்கடையில் சார்ஜ் போடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னவுடன் கேட்டேன், அதற்கு உனக்கு இத்தனை பயம்.

விடிந்ததும் ராஜாவோடு சுவரை உடைத்தேன். டேப் உருகிக் கரியாகியிருந்தது. "யாருண்ணா இந்த வேலைய பண்ணது?" என்று கேட்டான். "தெரியலடா" என்றேன்.

தெரியும், ஓவியா. அன்று கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தானே? நீ பூசிய இடம் காய்ந்ததும் நிறம் தனியாகத் தெரிந்தது. யாராவது கேட்டால் உனக்குச் சங்கடம் என்று, அதன் மேல் காலண்டரை மாட்டினேன். அது சுடும் என்று எனக்குத் தெரியாது. ஆர்டர் விஷயத்தில் நான் செய்தது தப்பு. ஊரை விட்டு வரப் பயந்தேன், அதைச் சொல்லவும் பயந்தேன்.

இன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். இறங்கிய இடத்திலேயே நில், நான் நடந்து வருகிறேன். சுவரை இன்னும் மூடவில்லை. புதுக் கம்பி ஒரே துண்டாக வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு முழம் கூடவே.

செழியன்