கொடியில் தொங்கிய படம்

செவ்வாய், இரவு

பர்மியப் பட்டாளத்தைக் கேலி செய்து ரோஸி அச்சடித்த படத்தை மத்தியானமே எரிக்கச் சொன்னேன். பூட்ஸை உதறிவிட்டு ஓடும் சிப்பாய்கள், அவர்களுக்கும் முன்னால் ஓடும் தளபதி. "மை காயட்டும் மம்மி" என்று பின்னறைக் கொடியில் மாட்டிவிட்டாள் என் மகள்.

சாயங்காலம் வார்டு அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தார். பதியாமல் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். படம் அகப்பட்டால் ரோஸியைக் கொண்டுபோய்விடுவார்கள். அவர்கள் முன்னறையைப் புரட்டும்போது, துவைத்து மடித்த என் தமெயின் கைலிகளை அந்தக் கொடி நெடுக, படத்தின் மேலேயும் போட்டேன். துவைத்த என் உடுப்பை இதுவரை அந்நியர் கண்ணில் படும்படி போட்டதில்லை.

பின்னறைக்கு வந்த சிப்பாய் அதன் வாசலிலேயே நின்றுவிட்டான். பெண் இடுப்பில் கட்டும் துணிக்கடியில் நுழைந்தால் ஆணின் மகிமை போய்விடும் என்பது இவர்கள் நம்பிக்கை.

"டோ லூசி, அதை எடுங்க" என்றார் அதிகாரி, என் பெயருக்கு முன் மரியாதைக்கு 'டோ' போட்டு, பர்மியில்.

"தோள்வலி, கை தூக்க முடியல. நீங்களே எடுங்களேன்."

சிப்பாய் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியேற, மற்ற இருவரும் அவனோடு போனார்கள்.

"படத்துல ஓடற மாதிரியே ஓடறான் மம்மி!" ரோஸி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. படத்தை நானே அடுப்பில் போட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். ஈர மை ஒட்டி, என் வெளிர்நீலத் தமெயினில் தளபதி முதல் அத்தனை பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சோப்பு போட்டும் போகவில்லை. ரோஸியின் அப்பா கடைசியாக வாங்கித் தந்தது அது.

"அதையும் எரிச்சிடுங்க மம்மி" என்கிறாள் ரோஸி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஈரம் காயட்டும் என்றேன்.