கேசரி வாயோடு ஒரு சரி

ஈப்போ
7.5.2025

அன்புள்ள அக்காவுக்கு (ஏழு நிமிட மூப்புதான், ஆனாலும் இன்றைக்கு மரியாதை தேவைப்படுகிறது),

நான் நலம். உன் நலத்தைக் கேட்க வழியில்லை. வாட்ஸ்அப்பில் நான் பாதி சொல்வதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டாய். நாற்பத்தெட்டு வயதில் தபால்தலை தேடி அலைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செபராங் ஜெயா கல்யாணத்தில் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மாமா வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாம்பழ நிறச் சேலை. உன் முகம், உன் சேலை, உள்ளே நான். நீ வந்து சேருமுன்னே, விருந்துக்கு வந்திருந்த உன் தயாளன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காமினி, பூங்காவில நடக்கையில மட்டும் பார்த்துக்கிறது பத்தாதுங்க. நாம கட்டிக்கலாமா?"

என் வாய் நிறையக் கேசரி. விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைக் கேட்டால் அறுபது வயதுவரை யோசிப்பாய். அதனால் உனக்காக நானே "சரி" என்றேன். மனிதர் முகம் வெளுத்து எழுந்து போனார். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று இன்னொரு கரண்டி கேசரி வாங்கிக்கொண்டேன்.

மன்னித்துவிடு.

உன் சுபா

பினாங்கு
14.5.2025

சுபா,

விளையாட உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். இன்னொருவரோடு பேசினால் மனசு லேசாகும் என்று இந்த எட்டு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். தினமும் தண்ணீர்மலைப் பூங்காவில் மூன்று சுற்று, அவ்வளவுதான் எங்கள் உறவு.

எனக்கொரு இரட்டை இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னதில்லை. ஒருவராவது என்னை ஒற்றை ஆளாகப் பார்க்கட்டுமே என்றுதான். சூலியா தெருவில் கண்ணாடிக் கடை வைத்து ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர், கையெட்டும் தூரத்தில் உன்னை நானென்று நினைத்திருக்கிறார். அப்படியானால் அவர் விரும்புவது என்னையா, இந்த முகத்தையா? முகம்தான் என்றால் அது உன்னிடமும் இருக்கிறது.

பூங்காவுக்குப் போவதில்லை. அவர் அழைத்தால் எடுப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், பூனை மிரள்கிறது.

காமினி

ஈப்போ
25.5.2025

அன்புள்ள அக்கா,

நேற்று ரயிலேறி வந்தேன். உன் வாசலுக்கு வரத் தைரியமில்லை. நேராக அவர் கடைக்குப் போனேன். நான் சுபாஷினி, காமினியோடு பிறந்த இரட்டை, அன்றைக்குச் சரி சொன்னது நான்தான் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் திட்டுக்குக் காத்திருந்தேன். மனிதர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அப்பாடா. எட்டு மாசத்துல நான் சொன்ன எதுக்கும் காமினி உடனே சரின்னதே இல்லைங்க. எந்தக் கடையில டீ குடிக்கிறதுன்னே ரெண்டு சுத்து சண்டை. அன்னிக்கு ஒரே வார்த்தையில சரின்னதும் பயந்துட்டேன். உடம்புக்கு முடியலையோ, என்மேல வெறுப்பாகி தலையாட்டுறாங்களோன்னு தூக்கமே இல்ல. எனக்கு அந்தச் சண்டைதான் வேணும்லா."

என்னிடம் சம்மதம் வாங்கிவிட்டுத் தூக்கம் கெட்ட ஆண் இவர் ஒருவர்தான். முகத்தில் ஏமாந்தார், அக்கா. உன்னில் ஏமாறவில்லை.

தினமும் காலையில் தனியாக நடந்துகொண்டுதான் இருக்கிறாராம்.

சுபா

பினாங்கு
2.6.2025

அன்புள்ள சுபா,

நேற்றுக் காலை போனேன். முதல் சுற்று முழுக்க, நீ செய்ததற்கு அவரைத் திட்டினேன். இரண்டாவது சுற்றில் மறுபடி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

யார் வீட்டில் இருப்பது, யார் சமைப்பது, எல்லாவற்றுக்கும் வாதாடினேன். மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் சரி என்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். குரங்கு ஒன்று வந்து அவர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தோம், இரண்டு பேரும் எழவில்லை.

உன் அக்கா
காமினி